வேகம் பிடித்தால் தரை தெரியவில்லையா?

கரையை விட்டு மெதுவாகக் கிளம்பும்போது எக்கோ சவுண்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. 4 பாகம், நாலரை, 5 என்று எண் ஏறிக்கொண்டே வருகிறது. ஆக்சிலேட்டரைத் திருகி 8, 9 நாட் வேகத்தைத் தாண்டியதும் தரைக்கோடு விட்டுவிட்டுத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் கோடு காணாமலே போய்விடுகிறது. ஆழத்தின் எண் ஒரே இடத்தில் நின்று துடிக்கிறது. வேகத்தைக் குறைத்தால் எல்லாம் பழையபடி வந்துவிடுகிறது. “மெஷின் போச்சு” என்று படகுக்காரர் முடிவுகட்டி, அடுத்த சீசனுக்குப் புதுசு வாங்கக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

மெஷின் போகவில்லை. மெதுவாக ஓடும்போது தரையைச் சுத்தமாகக் காட்டுகிற கருவிக்குத் திரையும் உள்பாகங்களும் ட்ரான்ஸ்டியூசரும் நன்றாகத்தான் இருக்கின்றன. வேகம் கூடும்போது மாறுவது படகைச் சுற்றிய தண்ணீரும், எஞ்சின் கிளப்பும் மின் இரைச்சலும், படகு ஓடும் சாய்மானமும்தான். கோளாறை அங்கேதான் தேட வேண்டும். தேடுவதற்கு ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்கேல், ஒரு மார்க்கர், காற்றில்லாத ஒரு காலைப்பொழுது போதும்.

இந்த அத்தியாயம் பெரும்பாலும் அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய ஃபைபர் படகுகளுக்கானது. 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் சிறிய எக்கோ சவுண்டர், பின்பலகையில் திருகிய ட்ரான்ஸ்டியூசர் (நம் ஆட்கள் சென்சார் என்பது இதைத்தான்) என்ற அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். விசைப்படகுகளைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும்.

காற்றுதான் முதல் குற்றவாளி

சத்தம் கீழே போய்த் திரும்புவதற்குள் படகு முன்னால் போய்விடுகிறது, அதனால்தான் எதிரொலி கிடைக்கவில்லை என்று ஒரு விளக்கம் துறைமுகங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் ஒத்துவரவில்லை. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 10 பாகம் என்றால் 60 அடி, 18 மீட்டர் சொச்சம். போய்த் திரும்ப 36 மீட்டர் சொச்சம். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. 15 நாட்டில் ஓடும் படகு அந்த நேரத்தில் ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது. 100 பாகம் ஆழத்திலேயே படகு ஓர் ஆள் நீளம்தான் நகர்கிறது. ட்ரான்ஸ்டியூசர் விரிக்கும் ஒலிக்கூம்போ அந்த ஆழத்தில் தரையைத் தொடும்போது பல பத்து மீட்டர் அகலம் இருக்கும். எதிரொலியைப் படகு முந்திவிடுகிறது என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

உண்மையான காரணம் காற்று. நீரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒலி காற்றைத் தொட்டால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும், உள்ளே புகாது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஜெல் தடவுவார்கள் அல்லவா, கருவிக்கும் தோலுக்கும் இடையே காற்று நிற்கக்கூடாது என்பதற்காகத்தான். ட்ரான்ஸ்டியூசரின் முகத்துக்கு அடியில் நுரை ஓடினால், ஒலி தண்ணீருக்குள் இறங்காமல் அங்கேயே அடிபட்டுத் திரும்பிவிடும். கருவி கொடுக்கும் ஒலியும் போகாது, தரையிலிருந்து வரும் எதிரொலியும் வந்து சேராது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மீனை நமக்குக் காட்டிக்கொடுப்பதும் காற்றுதான். கூறல் மீனின் வயிற்றில் நெட்டி என்று எடுத்துக் காயவைத்து விற்கிறோமே, அந்தக் காற்றுப்பைதான் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் 1948-இல் மீன் தேடும் கருவியைக் கடலில் பயனுக்குக் கொண்டுவந்ததே மீன் கூட்டத்தையும் காற்றுக் குமிழியையும் சேர்த்து யோசித்ததில்தான். அந்தக் காற்று 20 பாகம் கீழே இருந்தால் மீன். முகத்துக்கு அடியிலேயே இருந்தால் திரை காலி.

வேகத்தில் காற்று எப்படி அங்கே வருகிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. படகு மெதுவாகப் போகும்போது பின்பலகைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று மேலே ஏறி நிற்கும். ட்ரான்ஸ்டியூசர் ஓர் அங்குலம் மேலே மாட்டியிருந்தாலும் அது நனைந்துகொண்டேதான் இருக்கும், படமும் வரும். வேகம் கூடியதும் அடிப்பகுதியின் கடைசி விளிம்பிலிருந்து தண்ணீர் கத்தியால் வெட்டினாற்போல் பிரிந்து பின்னால் போகும். பின்பலகை காய்ந்துவிடும். அந்த விளிம்புக்கு மேலே இருக்கும் ட்ரான்ஸ்டியூசர் அப்போது தண்ணீரில் இல்லை, வெறும் காற்றில் தொங்குகிறது. மெதுவாகப் போனால் தெரிகிறது, வேகமாகப் போனால் தெரியவில்லை என்ற புகாரில் நான் முதலில் குனிந்து பார்ப்பது இந்த உயரத்தைத்தான்.

கழற்றுவதற்கு முன் மூன்று சோதனை

ஸ்பேனரை உடனே எடுக்காதீர்கள். தொந்தரவு தண்ணீரிலா, மின்சாரத்திலா என்பதை முதலில் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் கை வைத்தால், காற்றுக் கோளாறுக்கு ஒயரை மாற்றிக்கொண்டிருப்போம். ஒயர் கோளாறுக்குப் பின்பலகையில் துளை போட்டுக்கொண்டிருப்போம்.

முதல் சோதனை நின்ற இடத்தில். படகைக் கட்டிவையுங்கள், அல்லது நங்கூரத்தில் நிறுத்துங்கள். எஞ்சின் நியூட்ரலில் இருக்கட்டும். எக்கோ சவுண்டரை ஓடவிட்டு எஞ்சினை மெல்ல ரேஸ் செய்யுங்கள். படகு நகரவில்லை, ஆகவே நுரை கிடையாது. அப்படியும் திரையில் புள்ளி புள்ளியாகவோ சாய்ந்த கோடுகளாகவோ குப்பை விழுந்து, ஆர்.பி.எம். ஏற ஏற அது நெருக்கமானால், கோளாறு மின்சாரத்தில். படம் சுத்தமாகவே இருந்தால் மின்சாரத்தின் மேல் சந்தேகம் பெரிதும் குறைந்தது. நியூட்ரலில் அவுட்போர்டை நெடுநேரம் உச்சத்தில் உறுமவிட வேண்டாம், சில நொடிகள் போதும்.

இரண்டாவது, ஓடும்போது. வலையும் மிதவையும் இல்லாத, ஆழம் தெரிந்த இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, தரைக்கோடு எந்த வேகத்தில் போகிறது என்று ஜி.பி.எஸ். பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் சட்டென்று எஞ்சினை நிறுத்துங்கள். படகு இன்னும் வழுக்கிக்கொண்டுதான் போகும். எஞ்சின் அணைந்த அதே நொடியில் தரை பளிச்சென்று திரும்பினால், மின் இரைச்சல் அல்லது விசிறியின் இரைச்சல். படகு தளர்ந்து, பின்பக்கத் தண்ணீர் எழும்பி வந்த பிறகுதான் தரை தெரிகிறது என்றால், காற்று.

மூன்றாவது, அதே வேகத்தில் இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு. ஒரு பக்கம் திரும்பும்போது படம் வந்து, மறுபக்கம் திரும்பும்போது போனால், ட்ரான்ஸ்டியூசர் தண்ணீரின் விளிம்பிலேயே நிற்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் சரியாகிவிடும். நல்ல செய்தி இது.

இந்தச் சோதனைகளுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டட்டும், மற்றவர் திரையையும் பின்பலகையையும் பார்க்கட்டும். எட்டிப் பார்க்கிறவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். ஓட்டுகிறவர் எஞ்சினின் கில் சுவிட்ச் கயிற்றைக் கையில் மாட்டியிருக்க வேண்டும். பின்னால் எட்டிப் பார்க்கிற ஆள் தவறினால் விழுவது விசிறியின் பக்கம்தான்.

இடமும் உயரமும்

கோளாறு காற்றுதான் என்று தெரிந்துவிட்டால் படகைக் கரையில் ஏற்றுங்கள். நேரான ஒரு ஸ்கேலையோ மட்டப்பலகையையோ படகின் அடிப்பகுதியோடு ஒட்டிவைத்து, பின்னால் நீட்டிப் பிடியுங்கள். ட்ரான்ஸ்டியூசரின் முகம் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஃபைபர் படகுக்கு 3 மில்லிமீட்டர் என்பது தயாரிப்பாளர்கள் பலரும் சொல்லும் தொடக்க அளவு. அலுமினியப் படகுக்கு 10 மில்லிமீட்டர் வரை சொல்வார்கள். கோட்டுக்கு மேலே இருந்தால் இதுவரை பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் கண் முன்னால் இருக்கிறது.

அங்கிருந்து இறக்க வேண்டியிருந்தால் ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முறையும் மார்க்கரில் கோடு போட்டு, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்தது. ஒரேயடியாக அரை அங்குலம் இறக்கிவிடுவது சுலபம். ஆனால் அளவுக்கு மீறி இறங்கிய ட்ரான்ஸ்டியூசரே தண்ணீரைக் கிழித்து நுரை கிளப்பும். பின்னால் சேவல் வால் மாதிரி தண்ணீர் பீய்ச்சி எழும்பினால் அளவு தாண்டிவிட்டது. கொஞ்சம் ஏற்றுங்கள்.

சாய்மானத்தையும் பார்க்க வேண்டும். முகத்தின் முன்விளிம்பைவிடப் பின்விளிம்பு ஒரு துளி தாழ்ந்திருந்தால், ஓடும் தண்ணீர் முகத்தோடு அழுந்திப் போகும், குமிழி தங்காது. முன்விளிம்பு தாழ்ந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகி அங்கே காற்று குடியேறிவிடும். பெரும்பாலான பிராக்கெட்டுகளில் பல்சக்கரம் மாதிரி வெட்டுகள் இருக்கும். ஒரு வெட்டு, ஓர் ஓட்டம் என்று மாற்றிப் பாருங்கள். மிகையாகச் சாய்த்தால் ஒலி நேர் கீழே போகாது, தரை உண்மையைவிட ஆழமாகத் தெரியும். குறுக்குவாட்டில் முகம் மட்டமாக இருக்க வேண்டும். படகின் அடி வி வடிவத்தில் இருந்தாலும் ட்ரான்ஸ்டியூசர் அதோடு சேர்ந்து சாயக்கூடாது.

எந்தப் பக்கம் மாட்டுவது? பின்னாலிருந்து பார்க்கும்போது விசிறி கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றினால் வலப்பக்கம். அந்தப் பக்கத்தில் இதழ்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன, நுரை குறைவு. இடப்பக்கத்தில் அதே இதழ்கள் மேல்நோக்கி வாரிக்கொண்டு வரும். விசிறியிலிருந்து குறைந்தது ஒன்றேகால் அடியாவது தள்ளி இருக்கட்டும். எஞ்சினை முழுதாகத் திருப்பும்போதும் விசிறி அதை நெருங்கக்கூடாது.

துளை போடுவதற்கு முன் ஒரு யுக்தி. ட்ரான்ஸ்டியூசரை ஒரு பலகைத் துண்டில் திருகி, அந்தப் பலகையை சி-கிளாம்ப் கொண்டு பின்பலகையில் கவ்வவிட்டு, பாதுகாப்புக்கு ஒரு கயிறும் கட்டி ஓட்டிப் பாருங்கள். ஏற்றி இறக்கி, தள்ளி நகர்த்தி, நல்ல இடம் கிடைத்த பிறகு நிரந்தரமாக்கலாம். அப்போதும் படகில் நேரடியாகத் திருகாமல், தண்ணீருக்குக் கெடாத ஒரு பலகையைப் பின்பலகையில் பொருத்தி, அதன் மேல் ட்ரான்ஸ்டியூசரை மாட்டுவது புத்திசாலித்தனம். அடுத்த முறை இடம் மாற்ற வேண்டுமானால் புதுத் துளை பலகையில் விழும், படகில் விழாது. பல ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கிறது. சீலன்ட் வைக்காத ஒரு திருகுத் துளை போதும், உள்ளே நீர் இறங்கி அது ஊறி அழுகுவதற்கு. எஞ்சினின் முழு பாரமும் அந்தப் பலகையில்தான் நிற்கிறது என்பதை மறக்கக்கூடாது.

முன்னால் என்ன இருக்கிறது?

உயரம் சரி, சாய்மானம் சரி, ஆனாலும் படம் போகிறது என்றால் ட்ரான்ஸ்டியூசரை விட்டுவிட்டு அதற்கு முன்னால் பாருங்கள். அணியத்திலிருந்து பின்பலகை வரை, ட்ரான்ஸ்டியூசருக்கு நேராகப் படகின் அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும்.

மணலில் இழுத்து ஏற்றி இறக்கும் நம் படகுகளுக்கு இது முக்கியமான சோதனை. அடிப்பகுதி தேய்ந்து, ஃபைபர் மேட் வைத்து ரெசின் ஊற்றி ஒட்டுப்போடாத படகு அபூர்வம். நன்றாகத் தேய்த்து மட்டமாக்காத ஒட்டு ஒன்று, உள்ளங்கை அகலமே இருக்கட்டும், வேகத்தில் அதன் பின்விளிம்பிலிருந்து குமிழிச் சரம் ஒன்று புறப்பட்டு நேர்கோடாகப் பின்னால் ஓடும். அந்தக் கோட்டில் ட்ரான்ஸ்டியூசர் இருந்தால் 3 மில்லிமீட்டர் கணக்கெல்லாம் வீண். ஒரு படகில் கருவியும் மாறி, ட்ரான்ஸ்டியூசரும் மாறி, பிராக்கெட்டும் மாறிவிட்டது. கையை வைத்துப் பார்த்தபோது அடியில் 3 அடி முன்னால் ஒரு ஒட்டு. விளிம்பில் மேட்டின் நார்கூடத் துருத்திக்கொண்டிருந்தது. எமரித் தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கியதும் பழைய ட்ரான்ஸ்டியூசரே முழு வேகத்திலும் தரை காட்டியது. மாற்றிய சாமானெல்லாம் அடுத்த படகுக்குப் போனது.

ஒட்டு மட்டுமல்ல, அடியில் ஓடும் வரம்புகள், வடிகால் தக்கை, திருகுத் தலை, உரிந்த பெயின்ட், கொட்டலசு எல்லாம் இதே வேலையைச் செய்யும். சரிசெய்ய முடிந்தால் சரிசெய்யுங்கள். வரம்பு மாதிரி கழற்ற முடியாதது என்றால் ட்ரான்ஸ்டியூசரை இரண்டு வரம்புகளுக்கு நடுவில் சுத்தமாகத் தண்ணீர் ஓடும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

ட்ரான்ஸ்டியூசரின் முகத்திலேயே பாசியும் கொட்டலசும் பிடித்திருந்தாலும் வேகத்தில் நுரை கட்டும். மென்மையான துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். ஆயில் படலம் இருந்தாலும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும், அதற்கும் சோப்புதான் மருந்து. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் கூடாது, பிளாஸ்டிக் முகம் வெடித்துவிடும். இரும்புக் கத்தியால் சுரண்டுவதும் அப்படியே.

மேலே எகிறும் பிராக்கெட்

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் படம் திடீரென்று போய், வேகத்தைக் குறைத்த பிறகும் வராமல், படகை நிறுத்திக் கையால் தட்டினால்தான் வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பிராக்கெட்தான் மேலே மடங்கியிருக்கிறது. கட்டையோ கயிறோ மோதினால் உடையாமல் மேலே மடங்கட்டும் என்றுதான் பிராக்கெட் செய்யப்பட்டிருக்கிறது. போல்ட் தளர்ந்தால் தண்ணீரின் அழுத்தத்திலேயே மடங்கிவிடும். இறுக்குங்கள், ஸ்டார் வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கரையேற்றும்போது உடையும் என்று பயந்து பக்கவாட்டில் ஒரு கழியில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கழி வேகத்தில் அதிரும், கழியை ஒட்டியே காற்று உறிஞ்சிக்கொண்டு கீழே இறங்கும். அந்த அமைப்பு மெதுவாக ஓடித் தேடுவதற்கு மட்டும்தான். வேகத்தில் படம் வரவில்லை என்று அதைக் கோபித்துப் பயனில்லை.

மின் இரைச்சல்

நின்ற இடத்திலேயே குப்பை விழுந்தது என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு. வீட்டிலிருந்தோ பக்கத்துப் படகிலிருந்தோ இன்னொரு 12 வோல்ட் பாட்டரியைக் கொண்டுவந்து, எக்கோ சவுண்டரை அதில் மட்டும் இணைத்து எஞ்சினை ஓட்டுங்கள். படம் சுத்தமானால் இரைச்சல் பவர் ஒயர் வழியாக வந்துகொண்டிருக்கிறது. அப்படியும் போகவில்லை என்றால் ட்ரான்ஸ்டியூசரின் கேபிள் வழியாக வருகிறது.

பவர் வழி என்றால், கருவிக்கு நேராகப் பாட்டரியிலிருந்து தனி ஒயர் இழுங்கள், நடுவில் கருவியின் கையேடு சொல்லும் ஃபியூஸ். விளக்கு, வயர்லெஸ், போன் சார்ஜர் எல்லாவற்றுக்கும் போகிற ஒயரிலிருந்து கிளை எடுக்காதீர்கள். மலிவான எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டரும் சோலார் சார்ஜரும்கூட இரைச்சல் கிளப்பும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பச்சை பிடித்த டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவுங்கள். வேகம் கூடும்போது படகு அதிர்வதில், தளர்ந்த டெர்மினல் கணநேரம் விட்டுவிட்டுத் தொடும். அப்போது கருவி அணைந்து மறுபடி ஆரம்பத்திலிருந்து கிளம்பும். அது சிக்னல் போவதல்ல, மின்சாரம் போவது.

கேபிள் வழி என்றால், ட்ரான்ஸ்டியூசர் கேபிள் எஞ்சினின் ஒயர்களோடும் பாட்டரி கேபிளோடும் கட்டுக்கட்டாக ஓடுகிறதா பாருங்கள். பிரித்துப் படகின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். நீளம் அதிகம் என்று கேபிளை வெட்டி ஒட்டுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் பாவம். அதன் மேல்சுற்றியுள்ள கம்பிவலைதான் இரைச்சலைத் தடுக்கும் கவசம். வெட்டிய இடத்தில் கவசம் போகிறது, கூடவே உப்புத் தண்ணீருக்கு ஒரு வாசலும் திறக்கிறது. மிச்ச நீளத்தைச் சுருட்டி ஒதுக்கிக் கட்டிவையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள். என்.ஜி.கே. பிளக் எண்ணில் ‘பி.ஆர்.’ என்று தொடங்கினால் ரெசிஸ்டர் உள்ளது, வெறும் ‘பி’ என்றால் இல்லாதது. எஞ்சின் கையேடு ரெசிஸ்டர் பிளக் கேட்கும் இடத்தில் கடையில் கிடைத்ததை மாட்டியிருந்தால் இரைச்சல் அங்கிருந்தே வரலாம்.

செட்டிங்ஸ் பற்றிக் கொஞ்சம்

செட்டிங்ஸை மாற்றிக் காற்றைத் துரத்த முடியாது. சென்சிட்டிவிட்டியை முழுதாக ஏற்றினால் நுரைதான் இன்னும் கெட்டியாகத் தெரியும். இடமும் உயரமும் சரியான பிறகு செய்ய வேண்டிய வேலை இது. ஆழம் குறைந்த கடலில் வேகமாக ஓடும்போது 200 கிலோ ஹெர்ட்ஸ் நல்லது. விசிறியின் இரைச்சலும் தண்ணீர் ஓடும் இரைச்சலும் தாழ்ந்த அலைவரிசைகளில்தான் அதிகம். ஆழ்கடலுக்கு 50 வேண்டியிருக்கும். ஓடும்போது ஆட்டோ ரேஞ்ச் நுரையைத் தரை என்று ஏமாந்து 2 அடி, 3 அடி என்று காட்டினால், ரேஞ்சைக் கையால் வையுங்கள். பக்கத்துப் படகின் எக்கோ சவுண்டரால் விழும் விட்டுவிட்ட கோடுகளுக்கு இன்டர்ஃபியரன்ஸ் ரிஜெக்ட் போதும். அவற்றுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

உள்ளே ஒட்டுவது

வலை மாட்டும், கரையில் உடையும் என்று பின்பலகையே வேண்டாம் என்பவர்கள் ட்ரான்ஸ்டியூசரைப் படகுக்குள் அடித்தளத்தில் எபாக்சி வைத்து ஒட்டலாம். முழு ஃபைபரான அடித்தளம் வழியே ஒலி போகும், கொஞ்சம் வலு குறையும், அவ்வளவுதான். ஆனால் அடியில் ஃபோமோ பிளைவுட்டோ இருந்தால் போகாது. நம் படகுகளில் மிதப்புக்காக ஃபோம் அடைத்த அறைகள் உண்டு, அவற்றின் மேல் ஒட்டினால் ஒன்றும் தெரியாது. மரப்படகு, அலுமினியப் படகு எதற்கும் இந்த வழி ஆகாது. ஒட்டுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, ட்ரான்ஸ்டியூசரை அதற்குள் விட்டு, பையின் அடியை ஈரமான தளத்தில் அழுத்திவைத்து முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். படம் நின்றால் அந்த இடத்தில் ஒட்டுங்கள். வேகத்தில் அணியம் தூக்கும் என்பதால் இடம் பின்பக்கமாக, நடுக்கோட்டை ஒட்டி இருக்கட்டும். எபாக்சியில் ஒரு குமிழிகூட மாட்டக்கூடாது. மாட்டினால் நுரையை நீங்களே கையால் செய்து நிரந்தரமாக வைத்ததாகிவிடும்.

விசைப்படகுகளில் ட்ரான்ஸ்டியூசர் அடிப்பகுதியில் துளையிட்டுப் பொருத்தியிருக்கும். அங்கே தொந்தரவு அணியத்தில் பிளந்த தண்ணீர் கீழே இழுத்துவரும் நுரை. அணியத்திலிருந்து படகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட இடம் பொதுவாகச் சுத்தமானது. அதை மாற்றுவது யார்டில் ஏற்றிச் செய்ய வேண்டிய வேலை, மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

துடிக்கும் எண்ணை நம்பாதீர்கள்

சரிசெய்து முடிக்கும் வரை ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல கருவிகள் தரையைத் தவறவிட்டால் கடைசியாகக் கிடைத்த ஆழத்தையே துடிக்கவிட்டுக் காட்டும். திரையில் 5 பாகம் என்று இருக்கும், அடியில் ஒன்றரை பாகம்கூட இருக்காது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பார்கள் கிடக்கின்றன. பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 13 மீட்டருக்குள்தான் ஆழம், மணல்திட்டுகள் வேறு. அங்கெல்லாம் எண் துடிக்க ஆரம்பித்ததும் வேகத்தைக் குறையுங்கள். நிலையான எண் வந்த பிறகு முடுக்குங்கள். ஈயக்குண்டு கட்டிய கயிறு ஒன்று படகில் எப்போதும் கிடக்கட்டும். அதற்குப் பாட்டரி வேண்டாம், நுரையும் அதை ஏமாற்றாது.

எல்லாம் செய்த பிறகும் உச்ச வேகத்தில் மட்டும் படம் கொஞ்சம் உடைந்தால் விட்டுவிடுங்கள். முழு வேகத்தில் ஓடும்போது நமக்குத் தேவை ஆழத்தின் எண் மட்டும்தான், மீனின் உருவம் அல்ல. மீன் தேடும்போது யாரும் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. புதுக் கருவி வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைக்காரரே ஆள் அனுப்பிப் பொருத்தித் தருவதானால், கூலியைக் கரையில் கொடுக்காதீர்கள். பொருத்திய ஆளையும் ஏற்றிக்கொண்டு கடலில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்து, தரை தெரிந்த பிறகு கொடுங்கள்.